10 மாதக் கைக்குழந்தையோடு அந்தமான்: போகலாமா, எப்படிப் போவது?

கயல்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் அந்தமான் போகலாம் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மகளுக்கு அப்போது 10 மாதம் நிறைந்திருக்கும். தாய்ப்பால்தான் பிரதானம். கூடவே ராகிக் கூழ், மசித்த இட்லி, பருப்புச் சாதம் சாப்பிடுகிறாள். தவழ ஆரம்பித்துவிட்டாள், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது.

டிராவல் ஏஜென்ட் ஐந்து ராத்திரிக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இறங்கிய அன்றே செல்லுலார் சிறையும் ஒலி-ஒளிக் காட்சியும், மறுநாள் பாராடாங் தீவு, அதற்கடுத்த நாள் ஹேவ்லாக் தீவு, எலிபென்ட் பீச், பிறகு நீல் தீவு, அங்கிருந்து காலையில் கப்பல் ஏறிப் போர்ட் பிளேர் வந்து மதியமே சென்னை விமானம். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. மாமியார் கைக்குழந்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமா என்கிறார். அவர் கவலையும் நியாயம்தான்.

குழந்தையோடு போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். விமானத்தில் காது வலிக்குமா? கப்பலில் குமட்டுமா? வெயில், கொசு, சாப்பாடு எல்லாமே பயமாக இருக்கிறது. ஆனால் போகவும் ஆசையாக இருக்கிறது.

தேனருவி எழுதியது:

தாராளமாகப் போங்கள் தோழி. நாங்கள் பையனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது போனோம். ஆனால் அந்த ஏஜென்ட் போட்ட திட்டத்தோடு போகாதீர்கள். அது கல்யாணமான புதிதில் போகிற ஜோடிக்குப் போட்ட திட்டம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இடங்களைக் குறையுங்கள், ஒரே இடத்தில் தங்குங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, ஜெட்டியில் (படகுத்துறையில்) காத்திருப்பது, புது அறையில் மறுபடி தூங்கப் பழக்குவது என்று ஒவ்வொரு இடமாற்றமும் முழுசாக ஒரு நாளைத் தின்றுவிடும். ஹேவ்லாக்கில் மட்டும் மூன்று நான்கு ராத்திரி இருந்தால் போதும். நீல் தீவு அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தை ஏஜென்ட் யாரும் சொல்வதில்லை. அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் ஒன்றே. அதனால் சென்னையைவிடச் சூரியன் அங்கே ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக உதிக்கும். பிப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். இதைப் பெரியவர்கள் ஒரு குறையாகப் பேசுவார்கள். குழந்தைக்காரர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது! எப்படியும் அதிகாலையில் எழுந்து நம்மையும் எழுப்பிவிடுவார்கள் இல்லையா? நாங்கள் ஐந்தரைக்கெல்லாம் பையனைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் இருப்போம். ஆள் நடமாட்டமே இருக்காது. மணல் ஜில்லென்று இருக்கும். எட்டு மணிக்குள் அறைக்குத் திரும்பி, குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்துவிடுவோம். நடுப்பகல் முழுக்க அறைதான். மறுபடி மூன்றரைக்கு மேல் கடற்கரை. ராத்திரி ஏழு மணிக்கு அவனும் தூங்கிவிடுவான், நாங்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். குழந்தை பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசியது அங்கேதான்.

ஆனால் ஒன்று, அங்கே காலை எட்டரை மணி வெயில் நம்மூர் ஒன்பதேகால் வெயிலுக்குச் சமம். கடிகாரத்தை நம்பி "இன்னும் எட்டரைதானே" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

நெல்லைச்சீமை எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்வதற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். இரண்டு வயது வரையாவது பொறுக்கலாமே என்பது என் எண்ணம். குழந்தைக்கு நினைவிருக்காது என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வாதம் எனக்கும் பிடிக்காது. நான் யோசிப்பது மருத்துவ வசதியை. ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். நடுராத்திரி குழந்தைக்கு வாந்தி பேதி நிற்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கப்பல் மாலையிலேயே போயிருக்கும். கடல் கொந்தளித்தால் மறுநாள் கப்பலும் இல்லை. ஊட்டியோ மூணாறோ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். தீவில் அது முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கயல்_அம்மா எழுதியது:

அண்ணா, தப்பாகவே நினைக்கவில்லை. இதைத்தான் யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். மார்ச்சில் நான் வேலைக்குத் திரும்புகிறேன். அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாரம் சும்மா இருப்பது எப்போது வாய்க்குமோ தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு நான் வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் நீங்கள் கேட்ட நடுராத்திரிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

டாக்டர்_பாலாறு எழுதியது:

குழந்தை மருத்துவராக இருக்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு, அடிக்கடி இழுப்பு வருகிற குழந்தை என்றால் நெல்லைச்சீமை சொல்வதுதான் என் கருத்தும். எடை சரியாக ஏறி, தடுப்பூசிகள் முறையாகப் போட்ட 10 மாதக் குழந்தை என்றால் தயாராகப் போகலாம்.

முதலில் தடுப்பூசி. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டும். அந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் போட்ட அன்று வராது, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும். ஊரில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினால் தீவில் போய்க் காய்ச்சலடிக்கும். அதனால் 9 மாதம் நிறைந்ததுமே போட்டுவிட்டால் பயணத்துக்கு முன் போதிய இடைவெளி கிடைக்கும்.

விமானம்: சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் போல. காது அடைப்பது இறங்கும்போதுதான் அதிகம். விமானம் தரையைத் தொடும்போது பால் கொடுத்தால் நேரம் தவறிவிடும். அதற்கு ஏறக்குறைய அரை மணி முன்பே உயரம் குறைய ஆரம்பிக்கும், அப்போதே கொடுக்கத் தொடங்குங்கள். விழுங்க விழுங்கக் காது சரியாகும். மூக்கு அடைத்திருந்தால் ஏறும் முன் சலைன் சொட்டு விடலாம்.

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். பயணத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். புரோமெத்தசின் கலந்த மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே மட்டுப்படுத்தக்கூடியவை. கப்பல் குமட்டலுக்கும் இந்த வயதில் மருந்து தேவைப்படாது. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் வருவது அபூர்வம். குமட்டல் வரப்போவது பெற்றோருக்குத்தான், அதனால் இரண்டு பேரில் யாருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளுமோ அவர் குழந்தையை வைத்துக்கொள்ளட்டும். தாய்ப்பால் கொடுப்பவர் குமட்டல் மாத்திரை போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துப் பையில் பாரசிட்டமால் கட்டாயம். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சொட்டு மருந்து பாட்டிலில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும். வீட்டில் சிரப்புக்குப் பழகியவர் தீவில் அவசரத்துக்குச் சொட்டு மருந்தை வாங்கி அதே அளவு கொடுத்தால் பல மடங்கு ஆகிவிடும். பழகிய மருந்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அளவை உங்கள் மருத்துவரிடம் எடைக்கு எழுதி வாங்கிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் 1 லிட்டருக்கானதா 200 மி.லி.க்கானதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், பாதிப் பொட்டலத்தைக் கரைக்கும் வழக்கம் வேண்டாம். டெட்ரா பாக்கில் வரும் இனிப்புப் பானங்களும் இளநீரும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

நடுராத்திரிக் கேள்விக்கு வருகிறேன். பேதி ஆரம்பித்த உடனே குழந்தை ஆபத்துக்குப் போய்விடாது. நீர்ச்சத்து குறைவதுதான் ஆபத்து, அதை முதல் பேதியிலிருந்தே ஓ.ஆர்.எஸ்.ஸாலும் தாய்ப்பாலாலும் தடுக்கலாம். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, குடிப்பதெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம்: இதில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சலைன் ஏற்றுவது அங்கேயே தொடங்கலாம்.

வெயிலுக்கு நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் அகலத் தொப்பியும்தான் முதல் பாதுகாப்பு. 6 மாதம் கடந்த குழந்தை என்பதால் முகம், புறங்கைக்குச் சன்ஸ்கிரீன் தடவலாம். துத்தநாக ஆக்சைடு உள்ளதாக, எஸ்.பி.எஃப். 30 பார்த்து வாங்குங்கள். முன்கூட்டியே வீட்டில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கொசு விரட்டியைக் குழந்தையின் கையிலும் முகத்திலும் போடாதீர்கள், கை வாய்க்குப் போகும். ராத்திரி கொசுவலைக்கு மாற்றே இல்லை. பகலில் கடிக்கும் கொசுதான் டெங்குவைப் பரப்புவது, அதனால் மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கடல் நீரில் விடலாம், நீங்கள் பிடித்தபடி, சில நிமிடங்கள். உதடு வெளிறினால், நடுங்கினால் உடனே வெளியே. குழந்தைகளுக்கு உடல் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

அபர்தீன்வாசி எழுதியது:

போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். இப்போது ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், 2024-இல் மாற்றினார்கள். ஹேவ்லாக்கை 2018-இலேயே சுவராஜ் தீவு என்றும், நீலை ஷஹீத் தீவு என்றும் மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் குழம்பிவிடாதீர்கள், பேச்சில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.

தங்கச்சி, முதல் வேலையாக பாராடாங்கைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காலை ஆறு மணி வண்டி வரிசையைப் பிடிக்க ஊரிலிருந்து மூன்று, மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள்ளே வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தாலும், டயப்பர் மாற்ற வேண்டியிருந்தாலும் நிறுத்த முடியாது. அது அந்த மக்களின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி, சரியான விதி. அப்புறம் படகு, நடை, திரும்ப அதே வழி. கைக்குழந்தைக்கு இது தேவையே இல்லை.

கடைசி நாள் கப்பலும் விமானமும் ஒரே நாளில் என்பதையும் மாற்றுங்கள். பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். ஆனாலும் கப்பல் தாமதமாகும், நேரம் மாறும். கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்கினால் எந்தப் பதற்றமும் இல்லை. ஜி.பி. பந்த் மருத்துவமனையும் இங்கேதான்.

கப்பல் இரண்டு வகை. தனியார் கப்பல் ஏ.சி. போட்டு மூடியது, ஹேவ்லாக்குக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கலாம். குழந்தையோடு என்றால் தனியார் கப்பலே நல்லது, ஏ.சி. குளிருக்குக் காலுறையும் ஒரு போர்வையும் கைப்பையிலேயே வையுங்கள். நடுவில், பின்பக்கமாக இருக்கும் இருக்கையைக் கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். மூக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம். குழந்தையின் பெயரும் பயணிகள் பட்டியலில் இருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழின் நகல் நாலைந்து எடுத்து வாருங்கள்.

ஹேவ்லாக்கில் எந்தப் பக்கம் தங்குவது என்பது முக்கியம். கிழக்குக் கரையில் 3, 5 எண் கடற்கரைகள். ஏற்றத்தின்போது தண்ணீர் அலையே இல்லாமல் குளம் போல நிற்கும். வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, செத்த பவளப்பாறை வெளியே தெரியும், கத்தி மாதிரி வெட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் மேல் நடக்காதீர்கள். மேற்கே 7-ஆம் எண், அதுதான் ராதாநகர். வெள்ளை மணல், பாறை கிடையாது, ஆனால் அலை உண்டு. கரையை ஒட்டியே பெரிய காடு இருப்பதால் நிழல் தாராளம். மாலை நேரத்துக்கு அங்கே போங்கள். ஓடை கடலில் கலக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் மட்டும் இறங்காதீர்கள். உப்புநீர் முதலை இங்கே நிஜம். 2010-இல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலைக்குப் பலியானார். உயிர்காவலர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கொசுவைவிட மணல் பூச்சிதான் எங்கள் ஊரில் பெரிய தொல்லை. சாண்ட்ஃப்ளை என்பார்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். ஈர மணலிலும் கரையில் ஒதுங்கிய கடற்பாசிப் பக்கத்திலும் அதிகம். குழந்தையை வெறும் மணலில் உட்கார வைக்காமல் தடித்த விரிப்பின் மேல் விடுங்கள்.

சாப்பாட்டுக்குப் போர்ட் பிளேரில் கவலையே இல்லை, இட்லியும் ரசமும் தமிழ் மெஸ்களில் கிடைக்கும். ஹேவ்லாக்கில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். சோறும் பருப்பும் எந்தச் சமையலறையிலும் இருக்கும். மிளகாய் போடாமல் குழைய வேகவைத்து ஒரு கிச்சடி கேளுங்கள், குழந்தைக்கு என்று சொன்னால் ஆசையாகச் செய்து தருவார்கள்.

பேரன்_பாட்டி எழுதியது:

கண்ணு, டாக்டர் சொன்னதெல்லாம் சரி. நான் ஒன்று சொல்கிறேன், வீட்டில் நன்றாகத் துவைத்துப் பழசாய்ப்போன நூல்சேலை இரண்டு எடுத்துப் போ. விரித்தால் மெத்தை, மரத்துக்கு மரம் கட்டினால் நிழல், பால் கொடுக்கும்போது மறைப்பு, குளித்துவிட்டு வந்தால் துவட்ட, கப்பலில் குளிருக்குப் போர்த்த. எல்லாவற்றுக்கும் மேலே, உன் வீட்டு வாசனை அதில் இருக்கும். புது இடத்தில் தூங்காத குழந்தை அந்த வாசனைக்குத் தூங்கும். அதனால் கிளம்புவதற்கு முன் துவைக்காதே, இரண்டு நாள் நீ போர்த்திக்கொண்டு படுத்து அப்படியே மடித்து வை.

கடல் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடு. கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் உப்பும் மணலும் நின்றால் புண்ணாகிவிடும். துடைக்காதே, தண்ணீர் ஊற்றிக் கழுவு. துடைத்தால் மணல் தோலை அறுக்கும்.

புதுச் சாப்பாடு எதையும் அங்கே வைத்து ஆரம்பிக்காதே. மீன் கொடுக்க ஆசை என்றால் இப்போதே வீட்டில் கொடுத்துப் பழக்கு. உன் மாமியாரையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு போயேன். பயம் எல்லாம் கூட வந்தால் போய்விடும்.

காவிரிப்பூ எழுதியது:

மாலத்தீவையும் யோசிக்கலாமே? சென்னையிலிருந்து அந்தமானைவிடத் தூரமும் குறைவு. ஒரே ரிசார்ட், கப்பல் மாற வேண்டியதில்லை, இந்தியர்களுக்கு இறங்கிய இடத்தில் விசா இலவசம்.

தேனருவி எழுதியது:

என் நாத்தனார் போய் வந்தார். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தூரத்து ரிசார்ட்டுக்குக் கொண்டுபோகும் சீப்ளேன் (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்) பகலில் மட்டும்தான் பறக்கும், இரைச்சலும் அதிகம். தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரப் படகுப் பயணத்தில் போகக்கூடிய ரிசார்ட் என்றால் பரவாயில்லை. தண்ணீர் மேல் கட்டிய குடிலை மட்டும் தவழும் குழந்தையோடு எடுக்கவே கூடாது. படியிறங்கினால் நேரே கடல். சில ரிசார்ட்டுகளில் சிறு குழந்தைகள் இருந்தால் அந்தக் குடிலைத் தரவே மாட்டார்கள். செலவும் வேறு. கயல்_அம்மா கேட்ட மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஹேவ்லாக்கே போதும் என்று நினைக்கிறேன்.

நெல்லைச்சீமை எழுதியது:

டாக்டரின் பதிலைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எப்போது சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போவதும், தெரியாமல் போவதும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு வேண்டுகோள்: ஜெட்டிக்கும் சுகாதார நிலையத்துக்கும் பக்கமாக அறை எடுங்கள். ராத்திரியில் வண்டி ஏற்பாடு செய்து தருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத விடுதி வேண்டாம்.

கயல்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. இதை அப்படியே மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். பேரன்_பாட்டி அம்மா சொன்ன நூல்சேலை விஷயத்தைக் கேட்டதும் பீரோவைத் திறந்து அவரே இரண்டை எடுத்து வைத்துவிட்டார். கூட வருகிறீர்களா என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

திட்டத்தை மாற்றிவிட்டோம். முதல் ராத்திரி போர்ட் பிளேர், எங்கேயும் போகாமல் ஓய்வு. பிறகு மூன்று ராத்திரி ஹேவ்லாக், 3-ஆம் எண் கடற்கரைப் பக்கம். கடைசி ராத்திரி மறுபடி போர்ட் பிளேர், அன்று மாலை குழந்தை நல்ல மனநிலையில் இருந்தால் செல்லுலார் சிறை. ஒலி-ஒளிக் காட்சி இல்லை. பாராடாங், எலிபென்ட் பீச், நீல் எதுவும் இல்லை. ஏஜென்ட் "இவ்வளவு செலவு செய்து போய் எதையும் பார்க்காமல் வருவதா" என்றார். பார்க்கத்தான் போகிறோம், மெதுவாகப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டயப்பர் அங்கே கிடைக்குமா? பயன்படுத்தியதை எங்கே போடுவது? தள்ளுவண்டி தேவையா?

தேனருவி எழுதியது:

தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மணலில் உருளாது, ஜெட்டிப் படியில் தூக்கவும் முடியாது. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று போதும், கை இரண்டும் சும்மா இருக்கும். வாங்குவதானால் இப்போதே வாங்கி வீட்டில் பழக்குங்கள். சின்ன மின்சாரக் கெட்டில் ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீர் கொதிக்க வைக்க, கூழ் கரைக்க, ஸ்பூன் கழுவ, எல்லாவற்றுக்கும் அறையைவிட்டு வெளியே போக வேண்டியிருக்காது.

அபர்தீன்வாசி எழுதியது:

போர்ட் பிளேரில் எல்லா டயப்பரும் கிடைக்கும். ஹேவ்லாக் கடைகளில் சில சமயம் உங்கள் அளவு தீர்ந்து போயிருக்கும், அதனால் அங்கே இருக்கப்போகும் நாட்களுக்குத் தேவையானதைப் போர்ட் பிளேரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பயன்படுத்திய டயப்பரைப் பற்றிக் கேட்டீர்களே, இதைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு தங்கச்சி, மனசுக்கு நிறைவாக இருந்தது. எங்களுடையது சின்னத் தீவு, குப்பை போக இடம் கிடையாது. கடற்கரைத் தொட்டியில் போட்டால் நாய் இழுத்து வெளியே போடும், ஏற்றத்தில் கடலுக்குள் போய்விடும். மலத்தைக் கழிவறையில் கொட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, அறைக்குக் கொண்டுவந்து விடுதிக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். பகலில் அறையில் இருக்கும் நேரம் துணி லங்கோடு கட்டினால் பாதியாகக் குறையும். வெக்கைக்குக் குழந்தைக்கும் அதுவே சுகம்.

ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு என்று விடுதியில் தினமும் ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். 3-ஆம் எண் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு ஏற்றம் வருகிற நாளாக அமைந்தால் குழந்தையை அன்றைக்கே தண்ணீரில் விட்டுவிடுங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். கப்பல் டிக்கெட்டை பிப்ரவரிக்கு இப்போதே போட்டுவிடுங்கள், காலைக் கப்பல்கள் சீக்கிரம் நிறைந்துவிடும்.